குளிகையில் எழுதிய உயில்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாமனார் ஐந்தாவது தடவையாக உயில் எழுதினார்.

பதறாதீர்கள். ஆள் திடமாக இருக்கிறார். கையெழுத்துப் போட்ட கையோடு இரண்டு உளுந்த வடை சாப்பிட்டார். மூன்றாவதைக் கேட்டு வாங்கினார்.

உயில் என்பது ஆயுசில் ஒரு தடவை எழுதுகிற சமாசாரம். அதென்ன ஐந்து தடவை என்று கேட்பீர்கள். எல்லாம் குளிகன் செய்த வேலை. கொஞ்சம் என் வேலையும் உண்டு...

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு எண்பது வயது. சர்க்கார் ஆபீஸில் சூப்பரின்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். டில்லிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பேச்சு மட்டும் இன்னும் திருநெல்வேலி ஜங்ஷனிலேயே நிற்கிறது. முனீர்க்காவில் அவர் பெயரில் மூன்று ரூம் பிளாட். மாமியார் போய்ச் சேர்ந்து பத்து வருஷம். கூட இருப்பது வடிவு, மாமாவின் மகள், என் நாத்தனார். நாற்பத்தாறு வயது. கல்யாணம் கூடி வரவில்லை. மோதி பாக்கில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

என் வீட்டுக்காரர் மூத்த மகன். நாங்கள் சரோஜினி நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில். கொழுந்தன் பம்பாயில்.

குவார்ட்டர்ஸ் கதை உங்களுக்குத் தெரியும். ரிட்டயர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இவருக்கு இன்னும் மூன்று வருஷம். அதனால் நான் முனீர்க்காவுக்குப் போகும்போதெல்லாம்... எப்படிச் சொல்வது... ஜன்னல் திரைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள்தான். டேப் எடுத்துப் போகவில்லை.

ஆசைப்படக் காரணமும் இருந்தது. பிளாட் காகிதத்தில் 'நாமினி' என்ற இடத்தில் இவர் பெயர். நம் மத்திய சர்க்கார் குடும்பங்களில் நாமினி என்றால் கிட்டத்தட்ட பட்டாபிஷேகம். பிராவிடண்ட் பண்டுக்கு நாமினி, இன்ஷூரன்ஸுக்கு நாமினி... பாரத்தில் பெயர் ஏறினால் முடிந்தது, பொருள் அவனுடையது. அப்படித்தானே நீங்களும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?

போன வருஷ வெயிலில் மாமா டிஸ்பென்சரி வரிசையில் மயங்கி விழுந்தார். ஒன்றுமில்லை, வெயில்தான். வீட்டில் படுக்க வைத்திருந்தோம். கீழ்வீட்டு பல்லா சாஹிப் பார்க்க வந்தார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தொட்டுப் பார்த்தார். நலம் கேட்டார். அப்புறம் நேராகவே கேட்டார்:

"பாய் சாஹப், வசீயத் பனாயா?"

வசீயத் என்றால் உயில். மாமா படுத்தபடியே தேவையில்லை என்று கையை ஆட்டினார். "ஜரூரத் நஹீ. நாமினி ஹை நா!"

பல்லா சாஹிப் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "அரே பாய் சாஹப், நாமினி தோ டாகியா ஹோதா ஹை, டாகியா!"

டாகியா என்றால் தபால்காரர். அதாவது நாமினி கையில் பொருளைக் கொடுப்பார்கள். அவர் அதை யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களிடம் சேர்க்க வேண்டும். மணியார்டர் கொண்டு வருகிற தபால்காரர் அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள முடியுமா? எழுதி வைக்காவிட்டால் மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு, அப்புறம் அண்ணன் தம்பி சண்டை, தான் பார்க்காத சண்டையா என்றார்.

நான் இவர் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷமாக மகாராஜா என்று நினைத்திருந்த மனிதர் ஒரே நிமிஷத்தில் தபால்காரர் ஆகிவிட்டிருந்தார். பாவம், காக்கிச் சட்டைதான் பாக்கி.

வடிவு எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டிருந்தாள். மூன்றாகப் பிரித்தால் வீட்டை விற்றாக வேண்டும். விற்றால் அவள் எங்கே போவாள்? அன்றைக்கு அந்த அறையில் இருந்த யாரும் அதைக் கேட்கவில்லை. நான் உட்பட.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால்... நாமெல்லாம் ஆபீஸில் ஒரு குண்டூசி வேண்டுமென்றால் மூன்று காப்பியில் எழுதிக் கொடுக்கிற ஜாதி. வீட்டு விஷயத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. கேட்டால், "அதெல்லாம் வாயால சொல்லப்படாது!" சொல்லாவிட்டால் எமதர்மராஜா விலாசம் தெரியாமல் திரும்பிப் போய்விடுவாரா?

சிவபெருமான் வீட்டையே பாருங்கள். ஒரே ஒரு பழம். இரண்டு பிள்ளைகள். யாருக்கு என்று முன்கூட்டியே எழுதி வைத்தாரா மனுஷன்? ஓட்டப்பந்தயம் வைத்தார். என்ன ஆச்சு? சின்னப் பிள்ளை கோபித்துக்கொண்டு கோவணத்தோடு மலை ஏறிவிட்டான். அந்தக் குடும்பத்துக்கே அப்படியென்றால் முனீர்க்காவுக்கு என்ன கதி? (முருகா, மன்னிச்சுக்கோ. செவ்வாய்க்கிழமை நெய் விளக்குப் போடுகிறேன்.)

எப்படியோ மாமா சம்மதித்தார். ஆனால் அந்த வார்த்தையை வீட்டில் உரக்கச் சொல்லக் கூடாது. காதோடு காதாகத்தான் பேச்சு. என் மகள் டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள், காலேஜில் படிக்கிறாள். ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. தமிழ்தான் தண்ணீர் இல்லாத குழாய். "அம்மா, தாத்தா ஏன் குயில் எழுதுறாங்க? எழுதினா பறந்துடாதா?" என்றாள். உயில் அவள் காதில் குயிலாகிவிட்டது. பறக்காமல் இருக்கத்தான் எழுதுகிறார்கள் என்றேன். யோசித்தால் சரியான பதில்தான்!

அடுத்த தொல்லை நாள் பார்ப்பது. மாமா பஞ்சாங்கம் பார்க்காமல் நகம் வெட்ட மாட்டார். அமிர்தயோகம் கூடிய ஞாயிறு ஒன்றைக் கண்டுபிடித்தார். என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம் அல்லவா?

"எப்பா, நல்ல நேரத்துல எழுதுனா காரியம் சீக்கிரம் பலிக்கும்லா?"

மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. உயில் பலிப்பதென்றால் என்ன அர்த்தம்? "ஏல, அப்ப ராகு காலத்துல எழுதவா? சவம், அது கோர்ட்டுல நிக்காதே!"

நல்ல நேரமும் கூடாது, கெட்ட நேரமும் கூடாது. இப்படியே நாலு மாசம் ஓடியது. கடைசியில் நல்லதும் கெட்டதும் இல்லாத நடுத்தரமான ஒரு ஞாயிறு கிடைத்தது. எமகண்டம் ஒன்றரைக்கு முடிகிறது. இரண்டு மணிக்கு எழுதி, மூன்று மணிக்குள் கையெழுத்து. ஏன் மூன்று மணிக்குள்? மூன்று மணிக்குக் குளிகை பிறக்கிறது. குளிகையில் செய்வது திரும்பத் திரும்ப நடக்கும். நகை வாங்கலாம், பிணம் எடுக்கக் கூடாது. இது பிணத்துக்குப் பக்கத்து வீட்டுக் காரியம் அல்லவா?

எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யைத் தாண்டாதவள் நான். ஆனாலும் தமிழில் மணிமணியாக எழுத அந்த வீட்டில் என்னை விட்டால் வடிவுதான் உண்டு. அவள் சம்பந்தப்பட்ட விஷயத்தை அவளே எழுதுவது முறையில்லை என்றார் மாமா. நான் சம்பந்தப்படாதவளாம்! பிள்ளையார் சுழி போட்டேன். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

மாமா பழைய பழக்கத்தில் ஆபீஸ் குறிப்பாகவே சொல்ல ஆரம்பித்தார். பத்தி ஒன்று, உட்பத்தி அ, உட்பத்தி ஆ... கடைசியில் 'நகல்: மூத்த மகன், இளைய மகன், கோப்பு' என்று வேறு. சிக்கல் வந்தது 'மரணத்துக்குப் பின்' என்ற இடத்தில்.

"கோமதி, மரணம்னு எழுதப்படாது."

நாளெல்லாம் சவம், சவம் என்று சொல்கிற வாய் அது. எங்கள் பக்கத்தில் அது வசைகூட இல்லை, மூச்சு விடுகிற மாதிரி. சவம் பேனா, சவம் பஸ், சவத்தத் தள்ளு. ஆனால் மரணம் மட்டும் ஆகாது.

"பின்ன என்ன மாமா எழுதட்டும்?"

"'நான் இல்லாதபோது'ன்னு எழுது."

உள்ளேயிருந்து வடிவு குரல் கொடுத்தாள். "அப்ப நீங்க சந்தைக்குப் போனாக்கூட வீடு கைமாறிரும்ப்பா!"

"சிவலோக பதவி..." என்றார் என் வீட்டுக்காரர்.

"என்ன கிரேடு?" என்றாள் வடிவு.

கடைசியில் 'இறைவன் திருவடி சேர்ந்த பிறகு' என்று நான் சொன்னேன். மாமா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "டிரான்ஸ்பர் மாதிரி இருக்கு. சரி, எழுது."

எழுதினேன். பிளாட் மூத்த மகனுக்கு. வடிவு? அதற்கும் ஒரு வரி சொன்னார். 'என் மகள் வடிவு, மூத்த மகனின் ஆதரவில் இருந்துகொள்ள வேண்டியது.'

அதையும் எழுதினேன். அழகாக, முத்து முத்தாக.

வடிவு காபி கொண்டு வந்தாள். டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து காகிதத்தைப் படித்தாள். அந்த வரிக்கு வந்ததும் கண் கொஞ்சம் நின்றது. அப்புறம் நிமிர்ந்தாள்.

"கையெழுத்து நல்லாருக்கு, மைனி."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

சாட்சிக்குப் பல்லா சாஹிபும் அவர் சம்சாரமும். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியாது, அதுதான் சௌகரியம். மாமா கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டு அவர்கள் போட்டால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. ஆனால் அன்று பல்லா வீட்டில் ராஜ்மா சாதம். மனிதர் சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். எழுப்பி, மேலே கூட்டி வந்து, அவர் கண்ணாடிக்காக ஒரு தடவை கீழே போய் வந்து... கையெழுத்து முடிந்து மாமா தலை நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்று பத்து.

"போச்சு! குளிகை!"

என்ன ஆச்சோ என்று பல்லா சாஹிப் பயந்துவிட்டார். "க்யா ஹுவா?"

"இனிமே திரும்பத் திரும்ப எழுதணும்! சவம், நான் எங்க போவேன்!"

குளிகையில் போட்ட கையெழுத்து வேண்டாம், இரண்டு வாரம் கழித்து மறுபடி எழுதுவதென்று முடிவாயிற்று.

இந்த இரண்டு வாரத்துக்கு நடுவே ஒரு நாள் வடிவு சரோஜினி நகருக்கு வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு நேராக, நோட்டுப் புத்தகக் கட்டோடு. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு எங்கள் இரண்டு அறையையும் எட்டிப் பார்த்தாள்.

"மைனி, எனக்கு எந்த ரூம்?"

"என்னது?"

"இல்ல, ஆதரவுல இருக்கணும்லா... இப்பவே பாத்து வச்சுக்கிட்டா நல்லது. ஜன்னல் உள்ளதா, ஜன்னல் இல்லாததா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. அவள் போன பிறகு அந்த டம்ளரைத் துலக்க எடுத்தேன். வெகு நேரம் துலக்கிக்கொண்டே இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மலைமந்திர் முருகனைப் பார்க்கப் போனேன். எப்போதோ வேண்டிக்கொண்ட நெய் விளக்கு ஒன்று பாக்கி இருந்தது. ஒவ்வொரு படியாக ஏறும்போதே முருகனிடம் சண்டை. "எங்களுக்கும் ஒரு கூரை வேண்டாமா? முப்பது வருஷம் விரதம் இருந்தேனே, அதற்கு ஒரு ரூம்கூடக் கிடையாதா?" அவன் வேலை நட்டுக்கொண்டு நின்றான். நின்றவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு உறைத்தது... ஒரு பழம் கிடைக்காமல் வீட்டை விட்டு வந்தவனிடம் போய், இன்னொருத்தி பழத்தை எனக்குக் கொடு என்று கேட்டுக்கொண்டிருக்கிறேனே! கோயில் மாறி வந்துவிட்டேன். பிள்ளையாரிடம் கேட்டிருந்தாலாவது பொருத்தமாக இருந்திருக்கும்.

இரண்டாவது ஞாயிறு. பத்தி ஒன்று ஆயிற்று. பத்தி இரண்டு ஆயிற்று. 'மூத்த மகனின் ஆதரவில்' என்று மாமா ஆரம்பித்தார். நான் பேனாவை மூடினேன்.

"என்ன கோமதி, மை தீந்துட்டா?"

"இந்த வரிய நான் எழுத மாட்டேன், மாமா."

என் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தினார். இத்தனை வருஷத்தில் நான் மாமாவை எதிர்த்துப் பேசியதில்லை.

"ஏன்? அவ இப்பவும் ஆதரவுலதான இருக்கா? என் ஆதரவுல?"

"மாமா... இன்னிக்குக் காலையில பிரஷர் மாத்திர சாப்ட்டீங்களா?"

"இது என்ன கேள்வி? சாப்ட்டேன்... இல்ல... இரு." குரலை உயர்த்தினார். "ஏட்டி வடிவு! நான் காலையில மாத்திர சாப்ட்டனா?"

"சாப்ட்டீங்க! வெள்ளைய சாப்ட்டீங்க. மஞ்சள் ராத்திரிக்கு!"

பதில் அடுப்படியிலிருந்து வந்தது. குக்கர் ஒரு விசில் அடித்தது.

"இப்பச் சொல்லுங்க மாமா. யாரு ஆதரவுல யாரு இருக்கா?"

மாமா என்னையே பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். மறுபடி மாட்டினார். பிறகு மகனைப் பார்த்தார்.

"ஏல, நீ என்ன சொல்லுத?"

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேப்பரை மடித்தார். "நான் தபால்காரன்தானப்பா," என்றார். "விலாசம் நீங்க எழுதுங்க. கொண்டு குடுத்துருதேன்."

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் இவர் பேசிய ஒரே வசனம் அதுதான். அன்றைக்குத்தான் எனக்கு இவரை மறுபடி பிடித்தது.

பிளாட் வடிவுக்கு என்று எழுதினேன். 'சுயபுத்தியுடன், பிறர் தூண்டுதல் இன்றி' என்று எழுதும்போது மட்டும் மாமா தொண்டையைச் செருமினார். நான் நிமிரவில்லை.

எனக்கு வருத்தமே இல்லையா? ஏன் இல்லை? திரும்பி வரும்போது பஸ்ஸில் இவர், "ரிட்டயரானா நாம எங்கட்டி போவோம்?" என்று கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொஞ்சம் அழுதேன். புண்ணியம் பண்ணினால் மனசு லேசாகும் என்று சொன்னவன் யாரோ, அவன் குவார்ட்டர்ஸில் இருந்திருக்க மாட்டான்.

மூன்றாவது உயில், பம்பாய்க் கொழுந்தன் கடிதம் போட்டதால். தனக்கும் ஏதாவது ஒரு ஞாபகப் பொருள் வேண்டுமாம். வெள்ளிக் குத்துவிளக்கை அவருக்கு எழுதினோம். நாலாவது, 'பத்தி மூன்று என்பதைப் பத்தி நான்கு என்று திருத்திப் படிக்கவும்' என்று மாமா அனுப்பிய திருத்தத்துக்காக. பின்னால் எழுதியதுதான் செல்லும். முன்னால் உள்ளதைக் கிழித்துப் போடுங்கள் என்று பல்லா சாஹிப் தலையில் அடித்துக்கொண்டார்.

ஐந்தாவது? அதுதான் போன ஞாயிறு. மாமாவே மூன்று மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தார்.

"குளிகை ஆச்சே மாமா!"

"தெரியும். இத்தன தடவ எழுதியாச்சு, எனக்கு ஒண்ணும் ஆகலைல்லா? திரும்பத் திரும்ப எழுதணும்னா திரும்பத் திரும்ப நான் இருக்கணும்லா? சவத்தத் தள்ளு, எழுது."

இந்த எண்பது வயது சாஸ்திரத்தை எந்தப் பஞ்சாங்கத்திலும் பார்த்ததில்லை. பேனாவை எடுத்தேன்.

"பழசு அப்படியே இருக்கட்டும். ஒரு வரிதான் கூட. வடிவுதான் எழுதச் சொன்னா." தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "'மூத்த மகனும் மருமகளும் விரும்பினால், வடிவின் ஆதரவில் இருந்துகொள்ளலாம்.'"

பேனா நின்றது. முதல் தடவை முத்து முத்தாக எழுதிய கைதான். 'ஆதரவில்' என்ற இடத்தில் எழுத்துக் கோணிவிட்டது.

வடிவு வடைத் தட்டோடு வந்தாள். குனிந்து படித்தாள்.

"கையெழுத்து சரியில்லையே மைனி!" என்றாள். பிறகு தட்டை வைத்துவிட்டு, "எந்த ரூம்னு இப்பவே சொல்லிருங்க. ஜன்னல் உள்ளதா, இல்லாததா?"

ஜன்னல் உள்ளதையே கேட்டுவிட்டேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்... மூன்றே கால். சுத்தமான குளிகை!